குளியலறைக்குள் வந்த விருந்தாளி

ஐப்பசி மாதத்து மழை கொழும்பு நகரவாசிகளுக்குப் புதிதன்று. மாலையில் வானம் கருக்கட்டும். இரவில் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்க்கும். விடியற்காலையில் ஒன்றுமே நடவாததுபோல் வெளுத்துவிடும். 2012ஆம் ஆண்டு ஐப்பசியில் அத்தகைய இரவொன்று கழிந்த காலைப்பொழுதிலே, நமது வீட்டுக் குளியலறையிலிருந்து மூத்த மகள் எழுப்பிய கூக்குரல் வீட்டார் அனைவரையும் அங்கே ஓடச் செய்தது. பாம்போ என்று அஞ்சிக் கையில் தடியுடன் சென்றோம். அங்கே தண்ணீர் வாளிக்கும் சுவருக்கும் இடையிலே, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பறவை நின்றது.

கௌதாரியை விடச் சற்றுச் சிறிய உடல். தலையும் கழுத்தும் மார்பும் செங்காவி நிறம், தொண்டை வெண்மை, முதுகு கருமை கலந்த கபில நிறம். வயிற்றிலே கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறிக் குறுக்கு வரிகள் ஓடின. கால்கள் சாம்பல் நிறமாக நீண்டிருந்தன. கண்ணோ, குன்றிமணி போன்ற சிவப்பு. வாலை இடைக்கிடை மேலே வெட்டி வெட்டி அசைத்ததேயன்றி, அது கத்தவுமில்லை, பறக்க முயலவுமில்லை. மேலேயிருந்த சிறிய சாளரத்தின் வழியாகவே அது உள்ளே வந்திருக்கவேண்டும். அன்றிரவு அந்த அறையின் மின்குமிழை அணைக்க நாம் மறந்திருந்தோம்.

"இராத்திரி வேளையில் வீட்டுக்குள் காட்டுப் பறவை நுழைவது நல்லதல்ல" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. அவரைப் பார்க்க வந்திருந்த உறவினரோ, "நல்ல கோழிச்சாதி, கறிக்கு உதவும்" என்று கூறிச் சிரித்தார். அப்பொழுது பத்து வயதுச் சிறுவனாக இருந்த நமது மகன், "அப்பா, இதை நாங்களே வளர்ப்போம்" என்று கெஞ்சினான். மூவருடைய கூற்றிலும் அவனுடையதே அன்பு நிறைந்ததாக நமக்குத் தோன்றிற்று. அவன் பக்கமே தீர்ப்புக் கூறினோம்.

பழைய கோழிக்கூடு ஒன்றைக் கழுவி விறாந்தையில் வைத்தோம். சோற்றுப் பருக்கையும் குறுநெல்லும் இட்டோம். பறவை உண்ணாததைக் கண்டு, பிடித்து வாயைத் திறந்து பாலும் வார்த்துப் பார்த்தோம். அயலவர்களும் பிள்ளைகளின் பள்ளித் தோழர்களும் வந்து வந்து பார்த்துச் சென்றனர். கைத்தொலைபேசிகளிற் படங்கள் எடுத்தனர். திங்கட்கிழமை பாடசாலைக்கு எடுத்துச் சென்று ஆசிரியருக்குக் காட்டவேண்டும் என்று மகன் ஆசைப்பட்டான். பூனைக்குப் பயந்து இரவிலும் விளக்கை எரியவிட்டோம். இரண்டாம் நாள் காலையிலே கூட்டைத் திறந்தபோது, முதன்முதல் நாம் கண்டபடியே முகத்தை ஒரு மூலைப்பக்கம் திருப்பியவண்ணம், அது செத்துக் கிடந்தது.

மாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்த மகன் அன்று முழுவதும் ஒருவருடனும் பேசவில்லை. "வந்த விருந்தாளியை வாசலில் வைத்து வேடிக்கை பார்த்துவிட்டோம்" என்றார் நமது இல்லத்தரசி. அந்த வார்த்தை நெடுநாள் நெஞ்சில் தைத்திருந்தது. அதனை வந்து சேர்ந்த நேரத்தில் ஒருவரும் கல்லால் எறியவில்லை, கொடுமை செய்யவில்லை. எல்லாரும் அன்பே காட்டினோம். அந்த அன்பின் நடுவிலேதான் அது உயிர் விட்டது. அறியாமையோடு கூடிய அன்பு என்ன செய்யும் என்பதை அந்தச் சின்னஞ்சிறு குழி நமக்குக் கற்பித்தது. வந்தது யார், எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்ற விசாரணையில் அதன் பின்னரே நாம் இறங்கினோம். காலங்கடந்து தேடிய அந்த அறிவை, காலங்கடவாமல் நேயர்களுக்கு உதவட்டும் என்று இவ்வாரம் இப்பகுதியில் எழுதுகின்றோம்.

நமது வீட்டுக்கு வந்தது கானாங்கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவை. ஆங்கிலத்தில் அதனைச் 'சிலேற்றி லெக்ட் கிறேக்' என்பர். சாம்பற்பலகை நிறக் காலுடையது என்பதே அப்பெயரின் கருத்து. ஆதலால் நாம் அதனைச் 'சாம்பற்கால் கானாங்கோழி' என்று இங்கே அழைத்துக்கொள்வோம். இந்தியா முதல் தென்கிழக்காசிய நாடுகள், பிலிப்பைன்ஸ் தீவுகள் வரை பரந்து வாழும் இனம் இது. ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமுடையது.

இலங்கைப் பறவைகளைப்பற்றி எழுந்த பெருநூல்களில் இரண்டை இங்கே குறிப்பிடல் தகும். ஒன்று, பிரித்தானியப் பீரங்கிப் படையில் அதிகாரியாக இங்கே பணியாற்றிய வில்லியம் வின்சென்ற் லெக் என்பவர் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்டது. மற்றது, கொழும்பு நூதனசாலையிற் கடமைபுரிந்த ஜீ. எம். ஹென்றி எழுதி 1955ஆம் ஆண்டில் வெளிவந்தது. அக்காலந்தொட்டே அறிஞர்கள் கண்டறிந்த செய்தி என்னவெனில், சாம்பற்கால் கானாங்கோழி நம் நாட்டுக்கு மாரிகால விருந்தாளி என்பதாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களை அடுத்து அது இந்தியாவிலிருந்து கடல் கடந்து இரவோடிரவாக இங்கே வந்து சேர்கின்றது. மேற்குக் கரையில் இறங்கிச் சிறிது இளைப்பாறியபின், ஈரவலயத்துக் காடுகளையும் மலைநாட்டையும் நாடிச் செல்கின்றது. வந்திறங்கும் நாட்களில் களைத்துச் சோர்ந்த பறவைகள் நகரத்து வீடுகளுக்குள்ளும் மதில் மூலைகளிலும் வடிகான்களிலும் காணப்படுவதும் நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயமே. நம் மக்கள் நன்கறிந்த ஆறுமணிக்குருவியும் இவ்வாறே வருவதுதான். அதுவும் கடல் கடந்து வந்து, களைத்து, சில வேளைகளில் வீடுகளுக்குள் புகுந்துவிடுவதுண்டு. ஆனால் ஆறுமணிக்குருவி தன் பல நிறச் சிறகாலும் நேரந் தவறாத குரலாலும் தன்னை நமக்கு அறிமுகஞ் செய்துகொள்கின்றது. சாம்பற்கால் கானாங்கோழியோ, ஆண்டுதோறும் வந்துபோயும் நம்மிற் பலர் கண்ணிற் படுவதே இல்லை.

அதன் உறவினரை நாம் அறியாதவர்களல்லர். வயலோரத்திலும் குளக்கரையிலும், ஏன், கொழும்பு வீடுகளின் பின்வளவிலுங்கூட, வெண்முகமும் வெண்மார்புமாக வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் கானாங்கோழியை யார் காணவில்லை? மழைநாளிலே விடிய விடியக் கத்தித் தூக்கத்தைக் கெடுப்பதும், கரிய பஞ்சுருண்டைகள் போன்ற குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடப்பதும் அதுவே. சிங்கள மக்கள் அதனைக் 'கொறவக்கா' என்பர். நமது பழந்தமிழ்ப் புலவர்களும் இக்குடும்பத்தை மறந்தாரல்லர். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் காவிரிக்கரைப் பறவைகளை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுமிடத்துக் கம்புட்கோழியும் ஒன்றாக இடம் பெறுகின்றது. கம்புள் என்பதற்குச் சம்பங்கோழி என்று அகராதிகள் பொருள் கூறும். ஐங்குறுநூற்று மருதத்திணைப் பாட்டொன்று அதன் நெற்றி வெண்மையானது என்றுகூடக் குறித்திருக்கின்றது. வயற்கரையில் நின்று உற்றுப் பார்த்த கண்ணன்றி வேறெந்தக் கண்ணுக்கு அது புலப்படும்?

இக்குடும்பத்துக்கென்று ஒரு பொதுக்குணம் உண்டு. அஃது ஒளிந்து வாழ்தல். இயற்கை அன்னை அதற்கேற்ற உடலையும் கொடுத்திருக்கின்றாள். முன்னாலிருந்து பார்த்தால் இக்கோழிகளின் உடல் இருபுறமும் அமுக்கப்பட்டதுபோல் ஒடுங்கியிருக்கும். நெருங்கி வளர்ந்த நாணற்புல்லின் நடுவே, ஒரு புல்லும் அசையாதபடி நுழைந்து செல்ல அவ்வொடுக்கம் உதவுகின்றது. நீண்ட விரல்கள் சேற்றிலே புதையாமல் உடற்பாரத்தைத் தாங்குகின்றன. வயிற்று வரிகளோ, புல்லின் நிழலும் வெயிலும் கலந்து விழும் இடத்திலே உடலின் உருவத்தைக் கலைத்து மறைக்கின்றன. ஆபத்து வந்தால் இவை முதலில் உறைந்து நிற்கும், பின்னர் ஓடும், வேறு வழியே இல்லையென்றாற்றான் சிறகை விரிக்கும். அப்பொழுதும் கால்களைத் தொங்கவிட்டபடி சிறிது தூரம் தத்திப் பறந்து மீண்டும் புதருள் விழுந்துவிடும். பார்ப்பவர், இதற்குப் பறக்கவே தெரியாது போலும் என்று இரங்குவர்.

கானாங்கோழிகளிற் பெரும்பாலானவை நீர்நிலைகளையும் சதுப்புக்களையும் விட்டகலா. சாம்பற்கால் கானாங்கோழியோ, காட்டையும் தன் வீடாகக் கொண்டது. ஈரம் கசியும் காட்டுத்தரை, மரநிழலில் ஓடும் சிற்றோடை, புதர்மண்டிய பள்ளம் ஆகியவையே அதன் உறைவிடம். உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு, நத்தை, பூச்சி முதலியவற்றையும், சதுப்புச் செடிகளின் விதைகளையும் தின்று அது வாழ்கின்றது. இந்தியக் காடுகளிலே தரையிலோ தாழ்ந்த புதரிலோ கூடு கட்டி வெண்ணிற முட்டைகளை இடுகின்றது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். பகலெல்லாம் மறைந்திருந்து, அந்தியிலும் இரவிலுமே குரல் கொடுக்கும்.

இனி வருவது ஆச்சரியத்துக்குரியது. ஓடி ஒளிவதையே தொழிலாகக் கொண்ட இப்பறவை, கூப்பிடு தூரத்துக்கு அப்பால் பறப்பதைக்கூடப் பகலிலே காணமுடியாத இப்பறவை, ஆண்டுக்கு இருமுறை கடலைக் கடக்கின்றது! பகலில் அதன் பறப்பைக் கண்டு இரங்கியவர் இரவில் அதனைக் கண்டிலர், அவ்வளவே. பிரயாணத்துக்கு முன்னர் வலசைப் பறவைகள் நன்றாகத் தின்று உடலிற் கொழுப்பைச் சேமித்துக்கொள்கின்றன. கடல்மேல் உணவுமில்லை, தங்குமிடமுமில்லை. அக்கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு. இராக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணங்கள் உள. பருந்தும் வைரியும் அப்பொழுது உறங்கும். காற்றுக் குளிர்ந்து அமைதியாக இருத்தலால் உடல் சூடேறி நீர் வற்றுவதும் குறைவு. பகல் முழுவதும் இரைதேடவும் அவகாசம் உண்டு.

இருட்டில் வழியறிவது எவ்வாறு? அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் எம்லன் 1967ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடையில் ஒரு பகுதியைக் காட்டிற்று. கோள்மண்டலக் கட்டடத்துள், செயற்கை விண்மீன்களின் கீழே நீலக்குருவியினம் ஒன்றைக் கூட்டில் வைத்து அவர் சோதித்தார். வானத்தின் நடுவே அசையாது நிற்கும் துருவப்புறத்தை ஆதாரமாகக் கொண்டு அவை திசை தெரிந்துகொண்டன. விண்மீன்களே யன்றிப் பூமியின் காந்தப்புலத்தையும் பறவைகள் உணர்கின்றன என்பதைப் பிற ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நமது பாட்டன்மார் வானத்து மீன் பார்த்துக் கட்டுமரம் ஓட்டிய அதே கலையை, உள்ளங்கை இரண்டில் அடங்கும் இந்தக் கோழி யாரிடமும் கேளாமல் கற்றிருக்கின்றது.

ஆனால் விண்மீனை நம்பி வருபவருக்கு மின்விளக்கு பெரும் மோசக்காரன். முகிலும் மழையும் வானத்தை மூடிய இரவில், கீழே ஒளிரும் நகரம் இப்பறவைகளைத் தன்பால் இழுத்துவிடுகின்றது. ஒளிக்கூட்டத்துள் அகப்பட்டவை திசை கெட்டுச் சுற்றிச் சுற்றி வருகின்றன. சில கண்ணாடிச் சுவரில் மோதி விழுகின்றன. சில களைத்து எங்கே தரை கண்டதோ அங்கே இறங்குகின்றன. இறங்கியவுடன் கானாங்கோழியின் இயல்புப்படி இருட்டு மூலையைத் தேடுகின்றன. அந்த மூலை படிக்கட்டின் அடியாக இருக்கலாம். சப்பாத்து அடுக்கின் பின்புறமாக இருக்கலாம். ஒரு வீட்டின் தண்ணீர் வாளிக்குப் பின்னாலும் இருக்கலாம். 2012ஆம் ஆண்டில் நாம் அணைக்க மறந்த மின்குமிழின் கதை இப்பொழுது நேயர்களுக்கு விளங்கியிருக்கும்.

பறப்பது இவ்வளவு துன்பமானால், இக்குலம் பறத்தலையே கைவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். கைவிட்ட உறவினரும் உண்டு. இந்து சமுத்திரத்திலே சீஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ரா என்னும் பவளத்தீவில் வாழும் கானாங்கோழி பறக்காது. மடகாஸ்கரிலிருந்து பறந்து வந்த அதன் முன்னோர், அங்கே தம்மைப் பிடித்துண்ணும் விலங்குகள் இல்லாமையாற் சிறகின் பயனை மெல்ல மெல்ல இழந்தனர். பின்னர், சுமார் 136,000 ஆண்டுகளுக்கு முன், கடல் பொங்கித் தீவையே மூடிற்று. பறக்கமாட்டாத அவையெல்லாம் அழிந்தன. நீர் வடிந்து தீவு மீண்டும் தலைகாட்டியபின், மடகாஸ்கரிலிருந்து அதே இனம் மறுபடியும் பறந்து வந்தது. மறுபடியும் பறத்தலை மறந்தது! அத்தீவில் எடுக்கப்பட்ட எலும்புப் படிவங்களை ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டில் ஜூலியன் ஹியூம், டேவிட் மாட்டில் என்னும் இரு அறிஞர்கள் இதனை வெளியிட்டனர்.

பறத்தலை விட்டவர்க்குப் பகைவர் வராதவரைக்குமே வாழ்வு. பசிபிக் சமுத்திரத்து வேக் தீவிலும் பறக்காத கானாங்கோழி ஒன்று இருந்தது. இரண்டாவது உலக மகாயுத்தத்திலே அத்தீவைப் பிடித்த ஜப்பானியப் படை உணவுக் கப்பல்கள் வராமற் பட்டினி கிடந்த காலத்தில், அப்பறவைகளைப் பிடித்துத் தின்றது. 1945ஆம் ஆண்டுடன் அவ்வினம் உலகத்திலேயே இல்லாதொழிந்தது. குவாம் தீவின் கானாங்கோழியையோ, யுத்தத்தின் பின் சரக்குகளோடு வந்து குடியேறிய ஒரு மரப்பாம்பு அழித்தது. 1980களில் எஞ்சிய சிலவற்றைப் பிடித்து மனிதர் கூண்டில் வளர்த்துப் பெருக்கினர். அயலிலுள்ள பாம்பில்லாத தீவுகளில் விட்டனர். காட்டில் அற்றுப்போன இனம் என்று எழுதப்பட்டிருந்த அதன் பெயர், 2019ஆம் ஆண்டில் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மனிதனே கெடுக்கின்றான், மனம் வைத்தால் மனிதனே காக்கவுஞ் செய்கின்றான்.

நமது விருந்தாளி அந்த உறவினரைப்போற் சிறகை விற்றுச் சுகம் வாங்கவில்லை. இரண்டு நாடுகளை நம்பி அது வாழ்கின்றது. அங்கே கூடு கட்டக் காடு வேண்டும். இங்கே மாரி கழிக்க ஈரநிலமும் மரநிழலும் வேண்டும். இடையிலே கடக்க ஓர் இருட்டு இரவு வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை. கொழும்பையே எடுத்துக்கொள்வோம். நகரைச் சுற்றிச் சதுப்புக்களும் வாய்க்கால்களும் பலவுள. வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர் பரப்புடையது. தெற்கே பெல்லன்வில - அத்திடிய ஈரநிலம் 1990ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டது. இவற்றின் பெருமையினாலேயே 2018ஆம் ஆண்டில் உலகின் முதற் பதினெட்டு ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. பெருமழை நாளில் வெள்ளநீரை ஏந்திக்கொள்வதும் இச்சதுப்புக்களே. எனினும் மண் கொட்டி மேடாக்கப்படும் ஒவ்வொரு பள்ளமும், குப்பை நிறைந்து அடைபடும் ஒவ்வொரு வாய்க்காலும், இருட்டில் வந்திறங்குபவருக்கு ஒரு வீட்டுக் கதவைச் சாத்துகின்றது. பாழ்நிலம் என்று நாம் இகழும் புதருள் யார் குடியிருக்கின்றார் என்பதை நாம் விசாரிப்பதில்லை. ஒளிந்து வாழ்பவருக்காக வாதாட யார் வருவார்?

சென்ற ஐப்பசியில் மீண்டும் ஒரு மழையிரவு. மீண்டும் ஒரு காலை. இம்முறை பின்விறாந்தையிலே, சாக்குக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவில், அதே செங்காவித் தலையும் வரி வயிறும் தென்பட்டன. முதலிற் கண்டவன் நமது மகனே. அன்று மாமரத்தடியில் மௌனமாக நின்ற சிறுவன் இன்று உத்தியோகம் பார்க்கும் இளைஞன். யாரையும் அவன் கூவி அழைக்கவில்லை. பூனையை அறைக்குள் இட்டுக் கதவைச் சாத்தினான். மெல்லிய துவாய் ஒன்றைப் பறவையின்மேல் மெல்லப் போர்த்தி, சிறகுகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கையாலும் எடுத்தான். இறக்கை தொங்கவில்லை, இரத்தமுமில்லை. காற்றுத் துளைகள் இட்ட மட்டைப் பெட்டியின் அடியிலே துணி விரித்து, அதனுள்ளே விட்டு மூடி, ஆளரவமற்ற சாமான் அறையில் வைத்தான். வானொலியும் தொலைக்காட்சியும் அன்று பகல் முழுவதும் வாய் மூடின. அயல்வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வந்தபோது, "அது நித்திரை கொள்ளுது, பின்னேரம் வாருங்கள்" என்று அனுப்பிவைத்தான். பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும் என்ற ஆசை நமக்கே இருமுறை எழுந்தது. "அப்பா, வேண்டாம்" என்று அவன் கூறியது போதுமானதாயிற்று.

பொழுது சாயும் வேளையில் பெட்டியை எடுத்துக்கொண்டு, நாய்கள் திரியாத வாய்க்காற்கரைப் புதரோரம் சென்றோம். பிள்ளைகள் நால்வரும் பத்தடி தள்ளி மூச்சுக் காட்டாமல் நின்றனர். மகன் பெட்டியைச் சாய்த்து மூடியை நீக்கினான். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒரு சாம்பல் நிறக் கால் வெளியே வந்தது. தலை நீண்டது. வால் இருமுறை மேலே வெட்டிற்று. நாலைந்து எட்டு ஓடியிருக்கும், நாணல் மூடிக்கொண்டது. ஒரு புல்லும் அசையவில்லை. அவ்வளவே. பிள்ளைகளில் இளையவள், "திரும்பியும் பார்க்கவில்லையே!" என்று குறைப்பட்டாள். "பார்க்கத் தேவையில்லாமற் போய்விட்டது, அதுதான் நல்லது" என்றான் மகன். பதிலைக் கேட்ட இல்லத்தரசி முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேயர்கள் வீட்டிலும் இத்தகைய விருந்தாளி என்றேனும் வந்து நிற்கலாம். அப்போது செய்யவேண்டியது அதிகமில்லை. பூனையையும் நாயையும் விலக்குங்கள். இருட்டும் அமைதியுமே முதல் மருந்து. காற்றோட்டமுள்ள மூடிய பெட்டி அதற்குப் போதும். சோறு, பால் ஊட்டவேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் வார்க்கவும் வேண்டாம். பலரும் பார்த்துப் பொழுதுபோக்க வைக்கவேண்டாம். தொட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். காயம் இல்லையேல் அன்றைக்கே அந்திப் பொழுதில் அடர்ந்த புதரோரத்தில் விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். சில இனங்கள் நீங்கலாக ஏனைய காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க. சட்டம் இல்லாவிடினும், வழிப்போக்கனைச் சிறைவைத்தல் நம் குலத்து வழக்கமன்று.

மாணவ நேயர்களுக்கு மேலும் ஒரு வேலை உண்டு. ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுங்கள். இவ்வாண்டு ஆறுமணிக்குருவியின் குரல் முதன்முதல் எந்நாளிற் கேட்டது, எத்தகைய மழையிரவின் மறுநாள் எந்தப் பறவை எங்கே காணப்பட்டது என்பவற்றை நாளும் இடமுமாக எழுதிவையுங்கள். இலங்கைப் பறவைக் கழகம் 1943ஆம் ஆண்டு தொடங்கிய நாள்முதல் இத்தகைய சிறு குறிப்புக்களைச் சேர்த்து வைத்ததனாலேயே, நம் நாட்டுப் பறவைகளின் வரவு செலவு இன்று நமக்குத் தெரிகின்றது. ஒளிந்து வாழும் பறவையை அறிவதற்குப் பொறுமையைத் தவிர வேறு கருவி தேவையில்லை.

மாரி கழிந்து கோடை பிறக்கும்போது, நாம் உறங்கும் ஓர் இரவில், நமது விருந்தாளி விடைபெறாமலே புறப்பட்டுப் போயிருக்கும். மறு ஐப்பசியில் அதன் இனத்தார் மீண்டும் வருவர். நம்மிடம் அவர்கள் கேட்பது உணவன்று, கூண்டன்று, பாராட்டுமன்று. சிறிது புதர், சிறிது ஈரம், மழையிரவிலே அணைக்கப்பட்ட ஒரு விளக்கு ஆகியவையே. இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் குளியலறை மின்குமிழை அணைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நமது வீட்டில் இப்பொழுது அதற்கென்றே ஒருவர் தவறாமல் எழுந்து போகின்றார்.